இறக்கையின் மேல்பக்கம்

என் லைசென்ஸின் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்புறம், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுதான் இருக்கும். நாலு ஓரமும் பிளேடால் நறுக்கிய சதுரம். பெயிண்ட் அடிக்கும்போது எந்த இடத்தில் பெயிண்ட் படக்கூடாதோ அந்த இடத்தை மூடி வைக்கிற காகித டேப் அது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்த காலத்தில் சுருள் சுருளாகத் தீர்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பிய்த்து உருட்டிக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். இந்த ஒரு துண்டை மட்டும் போடவில்லை. வண்டியை நிறுத்திச் சோதித்த போலீஸ்காரர் ஒருவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா அழுக்கு?" என்று கேட்டார். "பெயிண்ட் வேலை செஞ்சவனுங்க சார், ஒட்டிக்கிச்சு" என்றேன். அதற்குமேல் சாலையோரத்தில் நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

அந்தச் சதுரத்தை வெட்டியவரை நாங்கள் எல்லோரும் டிரில்லர் என்றுதான் கூப்பிட்டோம். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் துளை இயந்திரத்தின் முன்னால் நின்று அதை ஓட்டுகிறவருக்கு அந்தப் பெயர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வடக்கே எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் கிணறு போட்டுக்கொண்டிருக்கும் வண்டிகளில் அவருடையதும் ஒன்று. நான் அதில் ஹெல்பர். எடப்பாடியில் எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி ஓடியது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தறிச் சத்தம் பிடிக்காமல் ஓடிப்போய், அதைவிடப் பெரிய சத்தத்தில் மாட்டிக்கொண்டவன் நான். ரிக்கில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே நிறமாக இருப்பார்கள். உடம்பு முழுக்கக் கல்மாவு படிந்திருக்கும். கண்ணை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். டிரில்லருக்குக் காது கூர்மை. பூமிக்குள் போகிற இரும்புக் கம்பியின் ஓசையைக் கேட்டே இன்னும் எத்தனை அடியில் கல் மாறும் என்பார். பெரும்பாலும் மாறும்.

வண்டியின் பின்புறத்தில் நிமிர்த்தி வைக்கிற உயரமான இரும்புச் சட்டத்துக்கு மாஸ்ட் என்று பெயர். அதன் உச்சியில் இருக்கும் கப்பியிலிருந்து சில சமயம் கம்பிவடம் நழுவிவிடும். ஏறிப்போய் அதை மறுபடி கப்பியில் மாட்டிவிட வேண்டும். ஆட்களிலேயே எடை குறைந்தவன் நான் என்பதால் அது என் வேலையாகிவிட்டது. சத்தீஸ்கரில் ஒரு ஊரில் முகாம் போட்டிருந்தபோது, காலையில் டீக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு நாமக்கல் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் நாக்பூர் போவதாகச் சொன்னார். "வர்றதுன்னா ஏறிக்க" என்றார். ஏறிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை, டிரில்லர் என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஓர் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான்.

நான் போன நாலாவது நாள் வடம் நழுவியிருக்கிறது. மற்ற ஹெல்பர்கள் ஏறத் தயங்கியதால் டிரில்லரே ஏறியிருக்கிறார். உச்சிக்குப் போய் வடத்தையும் மாட்டிவிட்டார். இறங்கும்போதுதான் விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்காமல் போயிற்று. இதெல்லாம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது நாமக்கல்லில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பட்டறைக்கு வந்த ரிக் ஆள் ஒருவன், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சொன்னான். அன்றைக்குக் கையில் இருந்த வேலையை முடித்தேன். மறுநாளும் வேலைக்குப் போனேன். அவரைப் பார்க்கப் போவதற்கு எனக்கு மேலும் ஐந்து மாதம் ஆயிற்று.

இளம்பிள்ளைக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய மனைவியின் ஊர். அந்த அக்கா சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிற வேலை செய்தார். ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு. அதில் கட்டில். கட்டிலுக்கு நேர் எதிரே மறைப்பு ஏதும் கிடையாது. தலையைத் திருப்பினால் கஞ்சமலை முழுசாகத் தெரியும். நான் வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

"வா மாப்ளே. என்னத்தப் பாத்துட்டு நிக்கற? காலு ரெண்டும் அப்படியேதான் இருக்குது. சொன்ன பேச்சுத்தான் கேக்க மாட்டேங்குது, உன்னையாட்டம்" என்றார்.

அக்கா உள்ளே திரும்பிச் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. டீ வந்தது. மாஸ்ட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "இனிமே போறதுன்னா சொல்லிப்போட்டுப் போ" என்றார். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

சிறிய மாடல் விமானங்களை அவர் கட்ட ஆரம்பித்ததற்கு நான் ஒருவகையில் காரணம். பெங்களூரில் ஒரு வேலைக்குப் போயிருந்தபோது, நடைபாதையில் பழைய சாமான் விற்கிறவனிடம் ஒரு அட்டைப்பெட்டி பார்த்தேன். மூடியில் போர் விமானப் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் உறுப்புகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் நிஜ விமானத்தை அளவு குறைத்தது போல ஒன்று வரும். பாதி உறுப்புகள் காணவில்லை. சும்மா கிடக்கிற கைகளுக்கு ஏதாவது இருக்கட்டும் என்று வாங்கிப் போனேன். அடுத்த முறை போகும்போது அது முழுசாக நின்றது. காணாமல் போன சக்கரத்தைச் சட்டைப் பொத்தானிலும், ஒரு பக்கத்து வாலைப் பல் துலக்கும் பிரஷ் காம்பைத் தேய்த்தும் செய்திருந்தார். பெயிண்ட் அடிப்பதற்கு நான் பட்டறையிலிருந்து கொண்டுபோன தின்னரைத் துணியில் நனைத்து இறக்கையைத் துடைத்தேன். லாரித் தகரத்துக்கு அப்படித்தான் செய்வோம். பிளாஸ்டிக் இறக்கை எண்ணெய்ச் சட்டியில் விழுந்த அப்பளம் போலச் சுருண்டது. சுருண்ட இறக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மாட்டுக்குப் போடற ஊசியக் கோழிக்குஞ்சுக்குப் போட்டுட்டயேடா" என்று சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பிறகு போனிலேயே தேடி, கூரியரில் வரவழைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். அவர் வேலை செய்கிற விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மல்லாந்துதான் படுக்க முடியும் என்பதால் எல்லாமே தலைக்கு மேலேதான் நடந்தது. கட்டிலுக்கு மேலே பழைய சைக்கிள் குழாய்களை வைத்து ஒரு சின்ன மாஸ்ட் எழுப்பச் சொன்னார். அதில் கப்பி, கப்பியில் பிரேக் வடம், மறுமுனையில் எடைக்காகக் கோத்த நட்டுகள். விமானத்தை அதில் தொங்கவிட்டு, விரல் நுனியால் வடத்தை இழுத்து மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு இறக்குவார், வேலை முடிந்ததும் ஏற்றிவிடுவார். பசை கன்னத்தில் சொட்டும். உப்புத்தாளில் தேய்த்த தூள் மூக்குக்கண்ணாடியில் படியும். அடிப்பக்கத்துக்கு நேராகத் தொங்கவிடுவார். மேல்பக்கத்துக்கு விமானத்தைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும், அதற்கு அக்காவோ நானோ வேண்டும். இரண்டு பாதி உடம்பையும் ஒட்டிய இடத்தில் வரும் தழும்பைப் பட்டிப் பசை வைத்துத் தேய்த்து, மறுபடி வைத்துத் தேய்த்து, கடைசியில் கண்ணை மூடி நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் தட்டினால் இன்னொரு நாள் வேலை. பட்டறையில் பத்து வருஷம் இருந்தவர்களிடமும் அந்தப் பொறுமை கிடையாது.

அந்த ஊருக்கு மேலே தினமும் காலையில் ஒரு பயணிகள் விமானம் போகும். ஓமலூர்ப் பக்கம் இருக்கிற ஓடுதளத்தில் இறங்குவதற்காகக் கஞ்சமலையின் வடக்குத் தோளைச் சுற்றிக்கொண்டு தாழ வரும். இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம். இறக்கை உடம்பின் உச்சியில் குறுக்கே பொருத்தப்பட்டிருக்கும். டிரில்லர் அதை 'நம்ம வண்டி' என்பார். லாரிக்காரர்களுக்கும் ரிக் ஆட்களுக்கும் ஒரே மாதிரி இரண்டு வண்டி என்று ஒன்று கிடையாது. ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு லாரியானாலும் இது அது இல்லை. அவர் விமானத்தையும் அப்படித்தான் பார்த்தார். இடது எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்த கறை எவ்வளவு நீளம், எந்த வாரம் துடைத்தார்கள், வயிற்றில் எந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, எல்லாம் தெரியும். "எடப்பக்கம் சக்கரக் கதவு மங்கலா இருக்குது பாரு. வேற வண்டியில கெடந்ததக் கழட்டி இதுல மாட்டிருக்கறான்" என்று ஒருநாள் சொன்னார். நான் அண்ணாந்து பார்த்தேன். உண்மைதான், இடது கதவு ஒரு மாற்று மங்கல்.

"ஊட்டுல அரிசி தீந்தது இவருக்குத் தெரியாதுங்க தம்பி. ஆகாசத்துல போறவன் கதவு மாத்துனது தெரியுது" என்றார் அக்கா.

அந்த விமானத்துக்கான பெட்டி கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. கிடைத்ததும் வேறு எதையும் தொடவில்லை. உடம்பு, வால், காற்றாடி எல்லாம் ஆயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கறைக்குப் பென்சில் முனையைத் தூளாக்கி ஈரப் பிரஷ்ஷால் இழுத்திருந்தார். உரிந்த இடத்தைக் குண்டூசி முனையால் சுரண்டியிருந்தார். இடது கதவுக்கு மட்டும் வெள்ளையில் ஒரு துளி சாம்பல் கலந்திருந்தார். அந்தக் கலவையை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஏழு தடவை சரியில்லை என்றார், எட்டாவது தடவை வாங்கிக்கொண்டார்.

மேல்பக்கம்தான் நின்றுவிட்டது. போனில் படம் இருக்கிறதே என்றேன். எல்லாப் படமும் தரையில் நின்று எடுத்தது, உச்சியில் இருக்கிற இறக்கையின் முதுகு அதில் தெரியாது. மேலிருந்து எடுத்த ஒன்றிரண்டைக் காட்டினேன். "இது வேற வண்டி மாப்ளே. நம்ம வண்டி முதுகுல என்ன இருக்குதுன்னு ஆரு கண்டா? கீழ இத்தன அடி பட்டிருக்குது. மேல சும்மாவா இருக்கும்?" என்றார். தெரியாததை அவர் அடிக்க மாட்டார். மேல்பக்கம், பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமரோடு, சாம்பலாகக் கிடந்தது.

கார்த்திகை மாதம் ஒரு செய்தி வந்தது. அந்த மாதத்தோடு விமானம் நிற்கப்போகிறது. பயணிகள் போதவில்லை என்றார்கள். நான் போயிருந்தபோது அதற்கு மூன்றே நாள் பாக்கி. டிரில்லர் கஞ்சமலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த வடக்குத் தோளு மேல ஒரு பாறை இருக்குது. சின்ன வயசுல அமாவாசைக்குக் கோயிலுக்குப் போறப்ப ஏறியிருக்கேன். அங்க நின்னா வண்டி நமக்குக் கீழதான் போவோணும். பாலத்து மேல நின்னு பஸ்ஸப் பாக்கறாப்பல." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏறுவியா?"

அந்தக் கேள்வியை அவர் வேறு எதையும் மனதில் வைத்துக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் என் காதில் அது மாஸ்ட் உச்சியைக் காட்டிக் கேட்டதாகத்தான் விழுந்தது. "ஏறறேனுங்க அண்ணா" என்றேன்.

சேலத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் தூரம் பார்க்கிற கண்ணாடி வாங்கிக்கொண்டேன். முதல் நாள் விடிந்ததும் ஏறினேன். வழுக்குப் பாறை, முள், இடையிடையே மழை. பாறையில் போய் உட்கார்ந்தால் மஞ்சு மலையை மூடிக்கொண்டிருந்தது. விமானம் சத்தமாக வந்து சத்தமாகப் போயிற்று. இரண்டாம் நாள் கொஞ்ச நேரம் திறந்தது. கீழே ஏரி, கோழிப் பண்ணைகளின் நீளக் கூரைகள், சாலையில் போகிற லாரிகள், டிரில்லரின் சாய்ப்பு இருக்கிற திசை எல்லாம் தெரிந்தன. கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். எஞ்சின் ஓசை கேட்கத் தொடங்கிய நேரம், யாரோ வேட்டியை உதறி விரித்ததுபோல மறுபடி வெள்ளையாகிவிட்டது. மூன்றாம் நாள், அதுதான் கடைசி நாள், ஏறும்போதே தெரியும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தது. என் காலுக்குக் கீழே, மிக அருகில், டிரில்லர் சொன்ன அதே இடத்தில் போயிற்று. ஓசையில் பாறை லேசாக அதிர்ந்தது. வலது எஞ்சினும் இடது எஞ்சினும் தனித்தனியாகக் கேட்டன. ஓர் இறக்கையின் நுனியைக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கி வருகிற வழி முழுக்க யோசித்தேன். முதல் இரண்டு நாளும் 'தெரியலீங்க' என்று சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை அதையே சொல்வதற்கு வாய் வரவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. ஒரு தடவை ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் போனவன், இப்போது ஏறியும் வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

சாய்ப்பில் எல்லாம் தயாராக இருந்தது. விமானத்தை அக்கா கவிழ்த்துக் கட்டியிருந்தார். வெள்ளை கலந்து மூடி வைத்திருந்தார்கள். டிரில்லர் தலையைத் திருப்பினார்.

"பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"என்ன இருந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றால் நம்பமாட்டார் என்று தோன்றியது. பொய்க்கு ஓர் அடையாளம் வேண்டும். "எடது றெக்கையில, எஞ்சினுக்கு உள்பக்கம், சதுரமா ஒரு ஒட்டுங்க. தகரம் வெச்சுத் தெச்சாப்பல. கொஞ்சம் கருப்பு."

அவர் மலை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "மஞ்சு இல்லயா மேல?" என்றார்.

"இருந்துச்சுங்க. வண்டி வர்றப்ப விலகிக்கிச்சு."

"செரி" என்றார். அளவு கேட்டார். இரண்டு கையையும் அகட்டி ஏதோ காட்டினேன். மாடல் நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பதால் அதை எழுபத்திரண்டால் வகுத்து, பென்சிலால் இறக்கையில் புள்ளி வைத்தார். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பிளேடால் சதுரமாக நறுக்கினார். ஊசி முனையில் தூக்கி, மூச்சைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்து, நகத்தால் நாலு ஓரமும் அழுத்தினார். முதலில் சுற்றிலும் வெள்ளை அடித்துவிட்டு, காய்ந்ததும் டேப்பை எடுத்து அந்தச் சதுரத்துக்குக் கருப்புக் கலந்து அடிப்பது என்பது முறை. "கருப்பு நாளைக்குக் கலக்கலாம். நீதான் கலக்கோணும்" என்றார்.

மறுநாள் காலை நான் தாரமங்கலத்தில் பஸ் ஏறி ஓசூர் போய்விட்டேன். சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஓசூரில் சில மாதம், ஹூப்ளியில் ஒரு வருஷம், பிறகு டேங்கர் லாரியில் டிரைவர். போன் நம்பர் இரண்டு முறை மாறியது. நினைத்துக்கொள்ளாமல் இல்லை. ஊர் ஊராகப் போகிறவனுக்கு, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது சுலபம். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. சென்ற வருஷம் சங்ககிரியில் வண்டி பழுதாகி ஒரு நாள் நிற்க வேண்டியிருந்தது. பஸ் பிடித்துப் போனேன். சாய்ப்பில் கட்டில் இருந்தது. அதன்மேல் குஞ்சம் கட்டி முடித்த சேலைகள் அடுக்கியிருந்தன.

"கிட்னியில கிருமி ஏறிப்போச்சுங்க தம்பி. படுத்தே கெடக்கறவங்களுக்கு அப்படி வருமாம். போன ஆடியில" என்றார் அக்கா. உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாருமே அதைக் கேட்பதில்லை.

மேலே விமானங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. துடைத்து வைத்திருந்தார். நம்ம வண்டி நடுவில் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். எண்ணெய்க் கறை, உரிந்த பெயிண்ட், மங்கலான கதவு. ஒன்றும் மாறவில்லை. அக்கா எழுந்து பிரேக் வடத்தைத் தளர்த்தினார். விமானம் மெதுவாக இறங்கிவந்து என் மடிக்கு மேலே நின்றது. முதல்முறையாக அதன் முதுகை மேலிருந்து பார்த்தேன். வெள்ளை அடித்து முடித்திருந்தார். கோடு கோடாக இருக்கும் தகட்டுப் பொருத்துகள், எழுத்துகள், இறக்கை நுனி விளக்குகள் எல்லாம் இருந்தன. இடது எஞ்சினுக்கு உள்பக்கத்தில் அந்த டேப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேலும் வெள்ளை ஏறியிருந்தது. பிய்த்து எடுக்கவே இல்லை.

"நீங்க கெளம்பிப் போன அந்த வாரமே வெள்ளை அடிச்சு முடிச்சுட்டாருங்க" என்றார் அக்கா. "அந்தத் துண்ட ஏன் உட்டுட்டீங்கன்னு கேட்டேன். மாப்ளே வந்து சொல்லட்டும்னாரு. அதான் சொல்லிட்டாரேன்னேன். 'அன்னைக்கு மலையே தெரியலடி'ன்னாரு."

சாய்ப்பிலிருந்து கஞ்சமலை தெரிந்தது. அன்றைக்கு வெயில். வடக்குத் தோளில் இருந்த பாறைகூடத் தனியாகத் தெரிந்தது. மூன்று நாளும் அவர் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மலையைப் பார்த்தாலே மலையிலிருந்து என்ன தெரியும் என்பது தெரிந்துவிடும். நான் இறங்கி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். 'செரி' என்று சொல்லி, பொய்யின் அளவைக் கேட்டு வாங்கி, வகுத்து, அதை டேப் வைத்து மூடிவிட்டார். அதை அடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. நான் திரும்பி வருகிற வரைக்கும் இடம் விட்டு வைத்திருந்தார்.

"நான் பாக்கலீங்க அக்கா" என்றேன். "மூணு நாளும் மஞ்சு. சத்தந்தான் கேட்டேன். அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அக்கா குஞ்சத்து நூலை விரலில் சுற்றினார். "செரீங்க" என்றார். "சொல்லிட்டீங்கல்ல. அப்ப எடுத்துடுங்க அத."

நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினேன். பசை காய்ந்திருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. அடியில் அவர் விட்ட சாம்பல் நிறப் பிரைமர். சுற்றிலும் வெள்ளை, கத்தியால் கிழித்த மாதிரி நேரான நாலு ஓரம், ஒரு இழைகூட உள்ளே கசியவில்லை. பக்கத்து அலமாரியில் அவருடைய பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. அந்த வெள்ளையை அரை மணி நேரத்தில் கலந்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் அந்தச் சதுரத்தை மூட என்னால் முடியும். அக்காவுக்கும் அது தெரியும். அவரும் சொல்லவில்லை, நானும் டப்பாவைத் தொடவில்லை. வடத்தை இழுத்தார். விமானம் ஏறியது. கீழிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலே சத்தம் கேட்டது. மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு விமானம் தாழ வந்து வீட்டுக்கு மேலே போயிற்று. நான் எழுந்து வெளியே வந்தேன். அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"மறுபடியும் உட்டிருக்காங்க. அது வேற வண்டிங்க தம்பி" என்றார் உள்ளேயிருந்து. "இதுல கதவு ரெண்டும் ஒரே வெள்ளை."

கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேனுங்க அக்கா. சங்ககிரியில வண்டி நிக்குது, அங்கிருந்து ஹூப்ளிங்க" என்றேன். அவர் தலையசைத்தார். நானாக ஒருவரிடம் போகிற ஊரைச் சொல்லிவிட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அதைக் காதால் கேட்க வேண்டியவர்தான் இல்லை.

நம்ம வண்டி இப்போது எந்த ஊர்களுக்கு நடுவில் ஓடுகிறதோ. சின்ன விமானங்களை அப்படித்தான் மாற்றி மாற்றி விடுவார்களாம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது தலைக்கு மேலே இரட்டைக் காற்றாடிச் சத்தம் கேட்டால் இறங்கி அண்ணாந்து இடது சக்கரக் கதவைப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் ஒரே நிறம். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். புது அட்டை வந்தால் உறையும் மாற்ற வேண்டியிருக்கும். டேப்பில் பசை போய்விட்டது, கையில் எடுத்தால் காற்றில் பறந்துவிடும். வெளியே எடுக்காமல் உறையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அவர் அடித்த வெள்ளை. மறுபக்கம் வெறும் காகிதம், ஓரத்தில் இறக்கையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அவருடைய பென்சில் புள்ளி ஒன்று.